மேட்ச் டிக்கெட்: காஞ்சிபுரத்திலிருந்து கணக்குப் பார்த்தால்

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு கோர்வைத் தறி. மகன் படிப்பை முடித்துவிட்டு என்னோடுதான் தறியில் உட்காருகிறான். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். சென்னையின் எஃப்சி ஆட்டங்களுக்கு நேரு ஸ்டேடியம் போக வேண்டும் என்கிறான். ஐபிஎல் வந்தால் சேப்பாக்கமும் வேண்டுமாம். ஒரு ஆட்டம் பார்க்க இவ்வளவு வாங்குவது நியாயமா? அனுப்பலாமா, டிவியில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாமா?

பதில்: அனுப்புங்கள். கால்பந்துக்குத் தாராளமாக அனுப்புங்கள். சேப்பாக்கத்தை அடுத்த வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அச்சிட்ட விலைக்கே டிக்கெட் கிடைத்தால் மட்டும். ஆனால் 'நியாயமா' என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது.

டிக்கெட் விலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் உச்ச விலையைத்தான் சொல்லிப் பதறுகிறார்கள். எனக்கு அது பொருட்டே இல்லை. ஏசி அறையில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவர் எவ்வளவு கொடுத்தால் நமக்கென்ன? நான் முதலில் பார்ப்பது அடிமட்ட விலையை. அது எவ்வளவு, அந்த விலையில் எத்தனை இருக்கைகள் இருக்கின்றன, சிபாரிசோ பிளாக்கோ இல்லாமல் ஒரு சாதாரண ஆள் அதை வாங்க முடிகிறதா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அந்த விலை நியாயமானது. ஒன்று இடித்தாலும் நியாயமில்லை.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் தரிசனம் நடந்ததே, அந்த 48 நாளும் சின்ன காஞ்சிபுரத்தில் இதே வாதம்தானே ஓடியது? ஒரு கோடிக்கும் மேல் ஜனம் வந்தது. பொது தரிசனம் இலவசம். கட்டண வரிசை தனி. விஐபி, விவிஐபி பாஸ் தனி. அப்போது ஜனங்கள் பொங்கியது கட்டணம் வைத்ததற்காக இல்லை. பாஸ் உள்ளவர் முன்வாசல் வழியாக நிமிஷத்தில் பெருமாள் எதிரில் நிற்க, பொது வரிசையில் வந்தவர்கள் வெயிலில் மணிக்கணக்காக நகராமல் நின்றார்களே, அதற்காக. பணம் கொடுப்பவருக்கு ஒரு வழி இருக்கலாம், ஆனால் அந்த வழி பொது வரிசையின் இடத்தைத் தின்று வளரக்கூடாது. ஸ்டேடியத்துக்கும் இதுவே அளவுகோல்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்டேடியத்தையும் பாருங்கள். பெரியமேட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் 1993 நேரு கோப்பையின்போது திறக்கப்பட்டது. சுமார் 40,000 பேர் உட்காரலாம். 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சியின் சொந்த மைதானம் அதுதான். அடிமட்ட டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய ஆட்டங்கள் சிலவற்றைத் தவிர, ஆட்டத்துக்கு முந்தின நாள்கூட அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். மூன்று கேள்விக்கும் நல்ல பதில். இந்த விலையை நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

சேப்பாக்கம் வேறு கதை. 2025 மார்ச் 23 அன்று சிஎஸ்கே மும்பையோடு ஆடிய ஆட்டத்துக்கு அடிமட்ட டிக்கெட் 1,700 ரூபாய், உச்சம் 7,500. 1,700-ஐக்கூட ஒரு ரசிகர் ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார். ஆனால் அந்த விலைக்கு அது கிடைக்க வேண்டுமே! 2023-ல் கவுண்ட்டர் வாசலில் ராத்திரியெல்லாம் படுத்துக் கிடந்து வாங்கினார்கள். 2024 முதல் எல்லாம் ஆன்லைன். செல்போனில் வரிசை எண் லட்சத்தில் காட்டும். நம் முறை வரும்போது 1,700 ரூபாய் இருக்கைகள் தீர்ந்திருக்கும். அடிமட்ட டிக்கெட் பெயருக்கு இருந்துகொண்டு கைக்கு எட்டாமல் போவதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. விளையாட்டு டிக்கெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வைத்தாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மொத்த இருக்கைகளில் இத்தனை அடிமட்ட விலையில் பொதுமக்களுக்கு விற்கப்படுகின்றன என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வெளிப்படையாக அறிவித்தால் போதும். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

விலையில் வரி எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐபிஎல் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆயிரம் ரூபாய் இருக்கை முன்பு 1,280 ஆனது. இப்போது 1,400 ஆகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகள் என்ற வகையில் வருபவற்றுக்கு 500 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டில் ஜிஎஸ்டியே கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். தேசிய சம்மேளனங்களும் அவற்றோடு இணைந்த சங்கங்களும் நடத்துகிற மாநில, மாவட்ட அணிகளின் ஆட்டங்கள் இதில் வரும். ஆகவே டிக்கெட் வாங்கும்போது கடைசித் திரையில் 'பணம் செலுத்து' என்பதைத் தொடும் முன் விலையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இருக்கைக்கு எவ்வளவு, வரி எவ்வளவு, புக்கிங் கட்டணம் எவ்வளவு. விலை குறைந்த டிக்கெட்டில்தான் புக்கிங் கட்டணம் அதிகமாக உறுத்தும். நான்கு நண்பர்கள் போகிறார்கள் என்றால் ஆன்லைனில் வாங்கும் முன் மைதானத்தின் கவுண்ட்டரில் விற்கிறார்களா என்று கிளப்பின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இனி, உங்கள் வீட்டுக்கான உண்மையான கணக்கு. அது டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்காது.

கோர்வைத் தறி என்கிறீர்கள். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் சேர்ந்து வர, பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளக் கூட ஆள் வேண்டும். மகன் எழுந்து போனால் உங்கள் கையும் நின்றுவிடும். உங்களுக்குக் கூலி சேலைக்குத்தான், மாசச் சம்பளம் இல்லை. மாலை ஏழரை மணி ஆட்டத்துக்கு அவன் மூன்று மணிக்காவது கிளம்ப வேண்டும். ஆக, வேலைநாளில் ஒரு ஆட்டம் என்றால் இரண்டு பேரின் அரைநாள் வேலை போகிறது. அதோடு வீடு திரும்ப நள்ளிரவு தாண்டினால் மறுநாள் காலை தறியும் தாமதம். சில நூறு ரூபாய் டிக்கெட் உங்கள் வீட்டுக்கு எத்தனை மடங்கு விலை என்பது இப்போது தெரியும். மாசச் சம்பளக்காரர் இந்தக் கணக்கைப் போட வேண்டியதே இல்லை. 'வெறும் இருநூறு ரூபாய்தானே' என்று சென்னையில் உட்கார்ந்து சொல்பவர்கள் மறந்துவிடுகிற கணக்கு இது.

அதனால் ஆட்ட அட்டவணை வெளியானதும், விலையைப் பார்க்கும் முன்பே, தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு ஆட்டங்களைக் குறித்து வையுங்கள். ஒரு சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவு பிணைக்கும் இடைவெளி எப்போது வரும் என்று உங்களுக்குத் தோராயமாகத் தெரியுமே, அந்த நாட்களோடு பொருத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நிற்கிற நாட்களும் உங்களுக்குத் தெரியும். அப்படித் தறி சும்மா இருக்கும் நாளில் போனால் டிக்கெட் விலை டிக்கெட் விலையோடு நிற்கும். சீசன் முழுவதும் போக ஆசைப்படுவான். முதல் வருஷம் மூன்று நான்கு ஆட்டம் போதும். மொத்த சீசன் டிக்கெட் எடுத்தால் ஆட்டத்துக்கு விலை குறையும் என்று விளம்பரம் வரும். பாதி ஆட்டங்களாவது நிச்சயம் போக முடியும் என்ற உறுதி இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

திரும்பி வருவதுதான் பெரிய பாடு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். செங்கல்பட்டு வழியாகப் போகும் மின்சார ரயில் மலிவு, ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. ஆட்டம் முடிந்து அதை நம்ப முடியாது. பூந்தமல்லி வழிப் பேருந்துதான் கைகொடுக்கும். ஏழரை மணி கால்பந்து ஆட்டம் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் மெட்ரோவுக்கு நடந்துவிடலாம், அங்கிருந்து கோயம்பேடு. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் எவரோ போட்ட அட்டவணையை நம்பக்கூடாது. ஐபிஎல் என்றால் பதினொன்றரை தாண்டும். 2025 சீசனில் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் பயணம் இலவசம் என்று அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சலுகை மாநகரத்தோடு நின்றுவிட்டது, காஞ்சிபுரத்துக்காரன் நடுராத்திரி அங்கே நின்றான். சென்னையில் உறவினர் வீடு இருந்தால் ஐபிஎல்லுக்குப் போகலாம். இல்லையென்றால் கால்டாக்சிக்குக் கொடுப்பது டிக்கெட்டைவிட அதிகமாகிவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து ஊரிலிருந்தே ஒரு வண்டி பேசிப் போவது மேல்.

சாப்பாட்டை வெளியிலேயே முடித்துவிட்டு உள்ளே போகட்டும். தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே விலை வேறாக இருக்கும்.

எந்த இருக்கை வாங்குவது? கால்பந்தைப் பொறுத்தவரை விலை குறைந்த பகுதியிலேயே வாங்கச் சொல்லுங்கள். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று சென்னையினுக்கு ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. பறை, பாட்டு, கொடி என்று தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே ஆடுவார்கள். உங்கள் மகன் தேடிப் போவது அதைத்தான். அவர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் சேர்ந்து டிக்கெட் வாங்குவது, சேர்ந்து திரும்புவது எல்லாம் எளிதாகும். நீங்களும் ஒரு நாள் கூடப் போவதாக இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நடுக்கோட்டுக்கு நேரான பகுதியில் உட்காருங்கள். ஆட்டம் தெளிவாகத் தெரியும்.

பிளாக்கில் வாங்கவே கூடாது. இதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஐபிஎல்லுக்கும் சேப்பாக்கத்தைச் சுற்றிப் பலரைப் போலீஸ் பிடிக்கிறது, இருந்தும் நிற்கவில்லை. இப்போது அது தெருவிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு மாறிவிட்டது. ஒரே க்யூஆர் கோடைப் படம் எடுத்து ஐந்து பேருக்கு விற்கிறார்கள். முதலில் போய் ஸ்கேன் செய்தவன் உள்ளே, மற்ற நான்கு பேர் வாசலில். பணம் அனுப்பிய எண் மறுநாள் இருக்காது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: 1,700 ரூபாய் டிக்கெட்டை ஐயாயிரத்துக்கு நாம் வாங்குகிற வரைக்கும், 'இந்த விலைக்கும் ஆள் இருக்கிறது' என்ற தைரியம் விலை வைப்பவர்களுக்கு வந்துகொண்டே இருக்கும்.

வாங்கிய பிறகு ஆட்டமே நடக்காமல் போனால்? 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தை ஒட்டி, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு சிஎஸ்கேயின் மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. 2015 வெள்ளத்தில் சென்னையின் எஃப்சியின் அரையிறுதி ஆட்டமும் அப்படித்தான் புனேயில் நடந்தது. இடம் மாறினாலோ ரத்தானாலோ டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்தானதைச் சொன்ன அறிவிப்பு மூன்றையும் போனில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்ற இணையதளம் தட்டிக் கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

விற்கும்போது சொன்னது ஒன்று, உள்ளே காட்டியது ஒன்று என்றாலும் இதே வழிதான். 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைச் சுற்றி அரசியல்வாதிகளும் பிரமுகர்களும் மொய்த்துக்கொள்ள, இருக்கையில் இருந்தவர்களுக்கு முகம்கூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். நாற்காலிகள் பறந்தன, ஏற்பாட்டாளர் கைதானார், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டி வந்தது. உங்கள் மகனுக்கு நான் சொல்வது: நட்சத்திரம் 'தோன்றும்' நிகழ்ச்சிக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆட்டத்துக்குக் கொடு.

கிளப்பின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிக்கெட் விலை குறைவாக இருப்பதால் கிளப் நொடித்துவிடும் என்பார்கள் சிலர். 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியே முதன்மை அணியின் பணிகளை நிறுத்தி வைக்கும் நிலை வந்தது உண்மைதான். அதற்குக் காரணம் உங்கள் மகனின் மலிவு டிக்கெட் இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அடுத்து என்ன என்று எவருக்கும் தெரியாததால் லீக்கே தொங்கலில் நின்றது. இந்தியக் கால்பந்து கிளப்புகள் ஓடுவது பெரும்பாலும் முதலாளியின் பணத்திலும் விளம்பரத்திலும்தான். காலி இருக்கைகளுக்கு எந்த விளம்பரதாரரும் பணம் தர மாட்டார். கூட்டம் இல்லாத மைதானத்தை டிவியில் காட்டினால் பார்ப்பவனும் சேனலை மாற்றிவிடுவான். ஆக, அடிமட்ட டிக்கெட்டில் வந்து தொண்டை கிழியக் கத்துகிறவர்களும் அந்த ஆட்டத்துக்கு உழைக்கிறவர்கள்தான்.

வெளிநாட்டு ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டு சேர்ந்து கேட்டார்கள், கிடைத்தது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் அடுத்த சீசனுக்கு 77 பவுண்டு டிக்கெட் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. சண்டர்லாந்தோடு நடந்த ஆட்டத்தின் 77-ம் நிமிஷத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே வருஷம் இங்கிலாந்து பிரிமியர் லீக், வெளியூர் ஆட்டத்துக்குப் பயணம் செய்து வரும் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு ஏற்கெனவே செலவு அதிகம் என்பதை ஒத்துக்கொண்ட விதி அது. ஜெர்மனியில் டார்ட்மண்ட் கிளப்பின் தெற்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட 25,000 பேர் நின்றுகொண்டு பார்க்கலாம், மலிவு விலையில். 2026 உலகக் கோப்பைக்கு, பங்கேற்கும் அணிகளின் ரசிகர்களுக்கென ஃபிஃபா ஒதுக்கிய இடங்களில் இறுதியாட்டத்தின் அடிமட்ட டிக்கெட்டே 4,000 டாலரைத் தாண்டியது. ரசிகர் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகு, 2025 டிசம்பரில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் டிக்கெட்டை 60 டாலருக்குத் தருவதாக இறங்கி வந்தார்கள். கொஞ்சம்தான். ஆனால் கேட்டதால் வந்தது.

நம்மூரிலும் முன்னுதாரணம் இருக்கிறது. 2018-ல் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது சிஎஸ்கே நிர்வாகம் தன் ரசிகர்களுக்குத் தனி ரயில் ஏற்பாடு செய்து இலவசமாக அழைத்துப் போனது. விசில் போடு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில் விட முடிந்தது என்றால், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர் ஊர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டத்தன்று ஒரு பேருந்து விடுவது நடக்காத காரியம் இல்லை. இதற்கு ஒரு ஆள் எழுதினால் பலன் இருக்காது. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் எத்தனை பையன்கள் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று மகனிடம் கேளுங்கள். முப்பது நாற்பது பெயர் சேர்ந்தால் கிளப்புக்கும் ரசிகர் குழுக்களுக்கும் ஒரு கடிதம் எழுதட்டும். தமிழிலேயே எழுதலாம். வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: குழுவாக வருபவர்களுக்குத் தனி விலை, ஒரே புக்கிங்கில் கட்டணம் ஒரு முறை மட்டும், வார இறுதி ஆட்டங்கள் சிலவற்றை மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவது, பேருந்து. நான்கில் இரண்டு கிடைத்தாலே பெரிய விஷயம்.

அதுவரை காசில்லாமல் பார்க்கக் கிடைப்பதையும் விட வேண்டாம். 2025 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பைக்கு நுழைவு முழுக்க இலவசம். அர்ஜென்டினாவை வென்று இந்தியா வெண்கலம் வாங்கியதை எழும்பூரில் ஒரு ரூபாய் கொடுக்காமல் பார்த்தார்கள். அடுத்து இப்படி எது வருகிறது என்பதை மகன் கவனித்துக்கொண்டே இருக்கட்டும்.

சேப்பாக்க ஆசையை இந்த வருஷம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். 1,700 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு டிக்கெட் காசில் நேரு ஸ்டேடியத்தில் மூன்று சனிக்கிழமை பார்த்து வரலாம், பஸ் செலவும் சேர்த்து. முதல் ஆட்டத்துக்கு நீங்களும் கூடப் போய் வாருங்கள்.